ஒன்பதாம் வகுப்பு ஈர்ப்பும் அதைச் சுற்றி நிற்கிற நாமும்

திருநெல்வேலிச் சீமையில் யாரிடமாவது பள்ளிக்கூட நாளில் மனசு போன முதல் ஆளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதை பெரும்பாலும் வகுப்பறையில் தொடங்காது, பஸ்ஸில்தான் தொடங்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் மிஷனரிகள் காலத்திலிருந்தே பையன்களுக்குத் தனிப் பள்ளி, பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று பழகிப்போன ஊர் இது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கம் இருபாலரும் படிக்கிற பள்ளி என்றாலும் இந்த வரிசை இவர்களுக்கு, அந்த வரிசை அவர்களுக்கு, நடுவில் நடைபாதை. சில பள்ளிகளில் மணி அடித்ததும் பெண்பிள்ளைகளை முதலில் அனுப்பிவிட்டு, அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் பையன்களை வெளியே விடுவார்கள். இவ்வளவு காவலும் டவுன் பஸ்ஸில் ஏறியதும் தளர்ந்துவிடும். இலவச பஸ் பாஸ் கையில் இருக்கிற அத்தனை பேரும் அந்த ஒரே பஸ்ஸில்தான் வந்தாக வேண்டும், எத்தனை பேர் ஏறினாலும் கண்டக்டர் உள்ளே போ, உள்ளே போ என்றுதான் சொல்வார்.

என் சேக்காளி ஒருவனுடைய கதையைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அவனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன், ஊர் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம் என்றான், அதுவும் நியாயம்தான். இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம், இதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஓடிப்போகவில்லை, கடிதம் போகவில்லை, ஒரு வார்த்தை கூடப் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் படிப்புப் பாதை மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதைப் பிரித்துப் பார்த்தால் நம் ஊரில் பள்ளிப்பருவ ஈர்ப்பு என்கிற விஷயம் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெளிவாகப் புரியும்.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிற பிள்ளைகள் தங்கள் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுவார்கள். கேட்பதெல்லாம் கிடையாது, நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள், அதுதான் பஸ் வழக்கம். அவன் ஏறுவது முதல் நிறுத்தம் என்பதால் சீட் கிடைத்துவிடும். அவள் நாலு நிறுத்தம் தள்ளி ஏறுவாள். ஒரு நாள் பக்கத்தில் இருந்த அக்கா மடியில் ஏற்கெனவே மூன்று பை இருந்ததால் அவள் பை இவன் மடிக்கு வந்தது. அவ்வளவுதான். ஜிப் போய், ஊக்கு மாட்டிய காக்கிப் பை. டிபன் பாக்ஸ் மூடி சரியாக மூடாமல் ரசம் கசிந்து அவன் டவுசரில் ஒரு கறை. அன்றைக்கு ராத்திரி அந்த டவுசரைத் துவைக்கப் போட மனசு வரவில்லை என்று இப்போதும் சொல்வான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம், அந்தப் பை தன் மடிக்கு வருகிற நாள், வராத நாள் என்று இரண்டு வகை நாள்தான் அவனுக்கு.

மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரியவர்கள் பாதிப்பேர் இதைக் கொழுப்பு என்று நினைக்கிறார்கள், மீதிப்பேர் தெய்வீகம் என்று நினைக்கிறார்கள், இரண்டுமே பிள்ளைகளுக்கு உதவாது. பதிமூன்று பதினான்கு வயதில் உணர்ச்சியையும் ஆசையையும் எழுப்புகிற மூளைப் பகுதிகள் வேகம் எடுத்துவிடும். நிதானித்து, பின்விளைவை எடைபோட்டு, இப்போது வேண்டாம் என்று நிறுத்துகிற முன்மூளைப் பகுதி இருபத்தைந்தை ஒட்டித்தான் முழுசாகப் பக்குவப்படும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று விளங்கும்: வடம் பிடித்து இழுக்கிற கூட்டம் வந்துவிட்டது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. பிள்ளை கெட்டுப்போனதால் வருவதில்லை இது, எல்லாப் பிள்ளைக்கும் வருவது.

சரி, ஏன் அந்தப் பெண்? இதற்கும் ஓரளவு பதில் உண்டு. 1968இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் ஆட்களுக்கு முன்பின் தெரியாத எழுத்துக்களையும் முகங்களையும் திரும்பத் திரும்பக் காட்டிப் பார்த்தார். எதை அதிகத் தடவை பார்த்தார்களோ அதைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது என்றார்கள், வேறு எந்தக் காரணமும் இல்லாமலே. தினமும் அதே பஸ், அதே நேரம், அதே ரிப்பன். பார்க்கப் பார்க்கப் பிடிக்கும். இதோடு பேசக் கூடாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? தெரியாத இடத்தையெல்லாம் மனசு தானாக நிரப்பிக்கொள்ளும். அவள் சாதுவானவள், அவளுக்கு மழை பிடிக்கும், அவள் தன்னைப் பார்த்துத்தான் திரும்பினாள் என்று அவனே முடிவு செய்துகொள்வான். எதிரில் இருப்பவள் வாயைத் திறந்து, இல்லை, எனக்கு மழை பிடிக்காது, ஈரத் துணி காயாது என்று சொல்ல ஒரு சந்தர்ப்பமே இல்லை.

என் சேக்காளி தனக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தான். ஊக்கு எந்தப் பக்கம் மாட்டியிருக்கும், செவ்வாய்க்கிழமை எந்த நோட்டு கையில் இருக்கும், எந்த நிறுத்தத்தில் ஜன்னல் பக்கம் திரும்புவாள் என்று எல்லாம் தெரியும். ரொம்ப வருஷம் கழித்து, தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தபோதுதான் அவள் பள்ளியின் கோ-கோ டீமில் இருந்தாள் என்பதே இவனுக்குத் தெரிந்தது. ஒன்றரை வருஷம் ஒரு ஆளை நினைத்துக்கொண்டே இருந்தவனுக்கு, அந்த ஆள் தன் நாளில் எதை ஆசையாகச் செய்தாள் என்று தெரியவில்லை. இந்த ஒரு விவரத்தை அவன் சொன்னபோது என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. முதல் ஈர்ப்பு பற்றி எத்தனையோ பேர் உருகி எழுதியிருக்கிறார்கள், அந்த உருக்கத்தில் எதிராளி எவ்வளவு இருக்கிறாள், நம் கற்பனை எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க இந்தக் கோ-கோ போதும்.

தமிழில் இதை நம் முன்னோர் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். தொல்காப்பியம் அகத்திணை ஏழு என்கிறது. அதில் இருவர் மனமும் ஒத்துப்போகிற ஐந்து திணை நடுவில் நிற்கும், ஒருதலைக் காமமாகிய கைக்கிளை தனியே ஒரு ஓரத்தில் நிற்கும். அதற்குச் சொல்கிற இலக்கணத்தைப் படித்தால் ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியதுபோல இருக்கும்: காமத்துக்குரிய பருவமே வராத இளையவள் ஒருத்தியிடம் மனசைப் போட்டு, தேற்ற மருந்தில்லாத துன்பப்பட்டு, மறுமொழி வராமலே தான் மட்டும் சொல்லிச் சொல்லி இன்பப்படுவது. கவனியுங்கள், அவன் படுகிற துன்பத்தை இல்லை என்று சொல்லவில்லை, அந்த இன்பத்தையும் மறுக்கவில்லை. ஆனால் அன்பின் ஐந்திணைக்குள் சேர்க்கவில்லை. இவ்வளவு தெளிவை நாம் ஏன் பிள்ளைகளுக்குக் கைமாற்றாமல் விட்டோம் என்று எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மனப்பாடப் பகுதியாக, இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கடந்துபோய்விடுகிறது.

பஸ் கதைக்கு வருவோம். அவன் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் சேக்காளிகளுக்குத் தெரியாமல் போகுமா? "ஏல, ஒன் ஆளு ஏறுதுல" என்று ஒருவன் தொடங்கினான். அடுத்த வாரம் வகுப்பு முழுக்க. ரெண்டு பேர் பெயரையும் இங்கிலீஷில் எழுதி, பொதுவான எழுத்தை அடித்து, மிச்சத்தை எண்ணி ஃபிளேம்ஸ் போட்டார்கள், கல்யாணம் என்று வந்தது. அவன் பெயரைச் சொல்லாமல் அவள் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டார்கள். இந்த ஓட்டுதல் இருக்கிறதே, இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் பாதிக் காதல் இங்கேதான் தயாராகிறது. லேசான பிடித்தம் ஒன்று தானாக நாலு மாசத்தில் கரைந்திருக்கும். நாற்பது பேர் சேர்ந்து அதற்குப் பேர் வைத்து, ஆள் வைத்து, தினமும் நினைவுபடுத்தினால் கரையாது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967இல் வளரிளம் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது, எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்த வயதில் ஒரு எண்ணம் இருக்கும் என்றார், கண்ணுக்குத் தெரியாத பார்வையாளர் கூட்டம் ஒன்று. நம் வகுப்பறைகளில் அந்தக் கூட்டம் நிஜமாகவே இருக்கிறது, கைதட்டவும் செய்கிறது. அந்தக் கைதட்டலுக்கு முன்னால், எனக்கு ஒன்றும் இல்லடே என்று சொல்லிவிட்டு நகர்கிற தைரியம் பதினான்கு வயதில் யாருக்கு வரும்?

ஒரு சனிக்கிழமை, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சுவரில் யாரோ கரிக்கட்டையால் ரெண்டு பேர் பெயரையும் எழுதி, இதயம் வரைந்து, அம்பும் விட்டிருந்தான். அவன் எழுதவில்லை. எழுதியது அவனுடைய நெருங்கின சேக்காளிதான் என்று பிறகு தெரிந்தது, உதவி செய்வதாக நினைத்து எழுதியிருக்கிறான். திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவளுடைய சித்தப்பா பள்ளிக்கு வந்து தலைமையாசிரியரைப் பார்த்துவிட்டுப் போனார். வருஷம் முடியுமட்டும் வீட்டில் வைத்திருந்து, அடுத்த ஜூனில் பாளையங்கோட்டையில் விடுதியோடு இருக்கிற ஒரு பெண்கள் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். பையனுக்கு என்ன தண்டனை? பிரேயரில் ரெண்டு நாள் வெளியே நிற்க வைத்தார்கள். அதிலும் அவனுக்கு வகுப்பில் மரியாதை கூடத்தான் செய்தது.

சங்க அகப்பாட்டு படித்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாக இருக்காது. ஊர் வாயில் பேச்சு கிளம்பும், அதற்கு அலர் என்று பேர். அலர் கிளம்பியதும் பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவார்கள், அதற்கு இற்செறிப்பு என்று பேர். ரெண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் பேசுவது ஊர், அடைபடுவது பெண். பஸ்ஸும் பள்ளிக்கூடமும் சீருடையும் வந்த பிறகும் நம் கை தானாக அந்தப் பூட்டைத்தான் தேடிப்போகிறது. பையனைக் கண்டிக்கக்கூட நமக்குத் தோன்றுவதில்லை, அவன் ஆம்பளப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான். அவளை நகர்த்தினால் பிரச்சினை தீர்ந்தது.

திருநெல்வேலி என்று சொல்லிவிட்டு சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது, தாண்டினால் பொய் சொன்னதாகத்தான் ஆகும். என் சேக்காளியும் அவளும் வேறு வேறு சாதி, அந்தச் சித்தப்பா அவ்வளவு அவசரப்பட்டதற்கு அதுவும் காரணம். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் கையில் கட்டுகிற கயிற்றின் கலரை வைத்தே யார் எந்த ஆள் என்று பிள்ளைகள் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கலர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதியைக் காட்டுகிற எதையும் பள்ளிக்குள் விடக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையிலேயே, மென்பொருள் துறையில் வேலை பார்த்த பட்டியல் சமூக இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைது செய்யப்பட்டவர்களில் ஒருவர் அவர் பழகிய பெண்ணின் சகோதரர். இருவருக்கும் பள்ளி நாட்களிலிருந்தே அறிமுகம் என்று செய்திகளில் வந்தது. இப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு, முதல் ஈர்ப்பு எவ்வளவு இனிமையானது என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு பிள்ளை யாரைப் பார்த்துச் சிரித்தது என்பதற்குப் பெரியவர்கள் அரிவாள் எடுக்கிற ஊரில், தப்பு அந்தச் சிரிப்பில் இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்.

சட்டம் பற்றியும் பிள்ளைகளிடம் யாரும் நேராகச் சொல்வதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாத யாரும் குழந்தைதான், பையனும் சரி, பெண்ணும் சரி. பிள்ளையே சம்மதித்திருந்தாலும் பாலுறவு என்று வந்துவிட்டால் சம்மதம் செல்லாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு, பிள்ளைக்குப் பதினாறு நிரம்பவில்லை என்றால் 20 ஆண்டு. பிளஸ் டூ முடித்துப் பதினெட்டைத் தாண்டிய பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் வீட்டை விட்டுப் போனால், பெண் வீட்டார் புகார் கொடுத்ததும் அவன் மேல் வருவது இந்த வழக்குதான். வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பதற்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது உண்மைதான், ஆனால் அது அந்த வழக்குக்குக் கிடைத்தது, சட்டம் அப்படியேதான் இருக்கிறது. அப்புறம், ஒரு பெண் வேண்டாம் என்று காட்டிய பிறகும் பின்னாலேயே போவது, திரும்பத் திரும்பப் பேச முயல்வது, அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது எல்லாம் 2013 முதல் தனிக் குற்றம், இப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. நம் படங்களில் கதாநாயகன் முதல் பாதி முழுக்கச் செய்கிற வேலை அது. விடாமல் பின்னால் போனால் மசிந்துவிடுவாள் என்று படம் பார்த்து வளர்ந்த பையனுக்கு யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அது காதல் இல்லை மக்கா, அது குற்றம் என்று சொல்லத்தான் வேண்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு, அவனுக்கு வலிக்கவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அவள் வராமல் போன பிறகு அவன் சரியாகச் சாப்பிடவில்லை, மார்க் விழுந்தது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று நாம் கடந்துபோகிற இடம் இது. 2003இல் நவோமி ஐசன்பெர்கர் குழு ஒரு ஆய்வு செய்தது: கம்ப்யூட்டரில் மூன்று பேர் பந்து போட்டு விளையாடுவது போல ஒரு விளையாட்டு, கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் இவருக்குப் பந்தே போடமாட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்டபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு மூளைப் பகுதி இயங்கியதை ஸ்கேனில் பார்த்தார்கள். முகம் தெரியாத ஆள் பந்து போடாததற்கே அப்படி என்றால், ஒன்றரை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவள் ஒரு நாளில் காணாமல் போனால்? வலி நிஜம். அதை வெளியே சொல்ல இடம் இல்லாத பிள்ளைகள்தான் கையைக் கீறிக்கொள்வது, மருந்தைத் தேடுவது என்று போகிறார்கள். பேச யாருமில்லை என்று தோன்றுகிற பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் எந்நேரமும் இருக்கின்றன, வகுப்பறைச் சுவரில் இதை எழுதிவைக்கலாம்.

அவனுக்கு வாய்த்தது அவன் அம்மா. பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், பள்ளிக்கூடம் ஐந்தோடு நின்றுவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்கள்.

"அந்தப் பிள்ள ஒங்கிட்ட என்னைக்காவது பேசிருக்காளால?"

"இல்ல."

"நீ பேசிருக்கியா?"

"இல்லம்மா."

"அப்பம் ஒனக்கு அவளத் தெரியாதுல்லா. ஒம் பேரால அவளுக்குப் பள்ளிக்கூடம் போச்சு, அது மட்டுந்தான ஒனக்குத் தெரியும்."

அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. கோட்டி பிடித்துவிட்டதா என்று கேட்கவும் இல்லை. அவன் அழுது முடிக்குமட்டும் இலை வெட்டிக்கொண்டிருந்துவிட்டு, சுவரில் எழுதினவனைக் கூட்டிக்கொண்டு போய் அதை அழித்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள். ரெண்டு பேரும் பனை நார்த் தூரிகையும் சுண்ணாம்பும் கொண்டு போய் அழித்தார்கள். நான் படித்த எந்த உளவியல் கட்டுரையிலும் இதைவிடச் சரியான கையாளுதலைப் பார்த்ததில்லை. அந்த அம்மா பையனின் உணர்வைக் கேலி செய்யவில்லை, அதே நேரம் அதை அவனுடைய சொந்த விஷயமாக மட்டும் இருக்க விடவும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கிறாள், அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது, உன் ஆசை அவள் மேல் போய் விழுந்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார்கள்.

தென்காசிக் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெளியே வந்தபோது அவளே வந்து பேசியிருக்கிறாள். நர்ஸாக இருக்கிறாள், ரெண்டு பிள்ளைகள். அவனுக்குக் கை நடுங்கியதாம். அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சுவத்துல எழுதினது நீங்கதானா?" இல்லை, சேக்காளி எழுதினது என்று இவன் சொல்ல, யார் எழுதினால் என்ன என்பது போலத் தலையாட்டிவிட்டு, "எனக்கு ஒங்க முகங்கூட சரியா ஞாபகம் இல்ல. பைய வாங்கி வச்சுக்கிடுவீங்க, அது ஞாபகம் இருக்கு. மாவட்ட மேட்சுக்கு செலக்ட் ஆகியிருந்தேன், அதுக்குப் போக முடியல, அதுதான் ரொம்ப நாள் அழுதேன்" என்றாளாம். அவளுடைய பள்ளி நாட்களில் அவன் அநேகமாக இல்லவே இல்லை, அவனால் வந்த இழப்பு மட்டும் இருந்தது. மனிதர்களுக்குப் பத்து வயது முதல் முப்பது வரை நடந்தவைதான் முதுமையிலும் அதிகம் நினைவில் நிற்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவனுக்கு நின்றது ஊக்கு மாட்டிய பை, அவளுக்கு நின்றது போகாமல் போன மேட்ச்.

இப்போது பஸ்ஸின் இடத்தில் போன் இருக்கிறது. பேசவே முடியாத காலம் போய், நாளெல்லாம் பேசுகிற காலம். ஆனால் பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டால் அடிப்படை மாறவில்லை என்றுதான் தோன்றுகிறது. டிபியையும் ஸ்டேட்டஸையும் பார்த்து ஒரு ஆளைக் கட்டிக்கொள்கிறார்கள், நேரில் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. கரிக்கட்டையின் வேலையை ஸ்கிரீன்ஷாட் செய்கிறது, அதன் மேல் சுண்ணாம்பு அடிக்கவும் முடியாது. பொறுப்பும் அதே ஆட்களிடம்தான் நிற்கிறது: க்ரூப்பில் போட்டது யார், அதைப் பார்த்துச் சிரித்தது யார், வீட்டில் தெரிந்ததும் போன் பிடுங்கப்பட்டது யாருடையது. கடைசிக் கேள்விக்கு விடை அநேகமாகப் பெண்பிள்ளை என்றே வரும், கூடவே டியூஷனும் நிற்கும்.

என்ன செய்யலாம் என்று கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்வது, பிள்ளைகளைப் பேச விடுங்கள் என்பதுதான். இன்னும் கண்காணிப்பைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை, கண்காணிப்பு கூடின இடத்தில்தான் கற்பனையும் கூடுகிறது. அறிவியல் கண்காட்சிக்கு ரெண்டு பையன், ரெண்டு பெண் என்று குழு போட்டு, அட்டையை யார் வெட்டுவது, பசையை யார் கொட்டினது என்று சண்டை போட்ட பிள்ளைகளுக்கு ஒருவரை ஒருவர் பிடிக்கவும் செய்யலாம், பிடிக்காமலும் போகலாம், எதுவானாலும் அது நிஜ ஆளைப் பார்த்து வருவது. வேண்டாம் என்று சொல்லவும், வேண்டாம் என்பதைக் கேட்டுக்கொள்ளவும் அங்கேதான் பழக்கம் வரும். ஓட்டுகிற சேக்காளிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள், கதையின் பாதி அவர்கள் கையில் இருக்கிறது. பிரச்சினை என்று வந்தால் பெண்ணின் படிப்பில் கை வைக்காதீர்கள், இதை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

என் சேக்காளியின் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. போன மாதம் வகுப்பில் ஒரு பையன் அவளுக்கு ஒரு பேனா கொடுத்திருக்கிறான், கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அவளே வந்து அப்பாவிடம் சொன்னாள். எந்தத் தெரு, யார் மகன், எந்த ஆளுங்க என்று அவன் கேட்கவில்லை. "ஒனக்கு என்ன தோணுது?" என்று கேட்டிருக்கிறான். தெரியவில்லை, பேனா நல்லா இருக்கு, சீட்டு பிடிக்கலை என்றாளாம். அப்படியென்றால் அதையே அவனிடம் சொல்லு, சொல்லக் கஷ்டமாக இருந்தால் டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லு, அவனை யாரும் கேலி பண்ணாமல் பார்த்துக்கோ என்று சொல்லி அனுப்பினான். சொல்லிவிட்டாளாம். பையன் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் கணக்கு நோட்டு கேட்டானாம். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாளா, வைத்துக்கொண்டாளா என்று மட்டும் அவன் இன்னும் கேட்கவில்லை. கேளுங்க, கேளுங்க என்று மதினிதான் நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள், அது அவ பாடு என்று சொல்லிவிட்டான்.